ஸ்கேனில் வந்துவிட்ட கை

குருவிநத்தத்தில் நடவு என்றால் காசம்மாள்தான். பெண்களை வரிசையில் நிறுத்தி, வரப்பில் நிற்கும் ஆம்பிளைகளையும் சேர்த்து ஏசுவாள். போன ஆடியில் ஒரு நாள் விடிகாலையில் பக்கவாதம் வந்து அவள் வலது கை விழுந்துவிட்டது. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் எங்கள் தெருவுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

புதுச்சேரியில் மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். கைக்குப் போகிற நரம்புப் பாதை கெடவில்லை, பயிற்சி செய்தால் பெரும்பாலும் கை பழையபடி வந்துவிடும் என்றார் டாக்டரம்மா. "பயிற்சி செய்தால்" என்பது மட்டும் அவள் புருஷன் ஆதிமூலத்தின் காதில் ஏறவில்லை.

நம் சனங்களுக்கு ஸ்கேனும் ஜாதகம்தான். நல்லது நடக்கும் என்று இருந்தால் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவார்கள். ஆதிமூலம் அந்தப் படத்தைச் சாமி மாடத்தில் வைத்துக் கற்பூரம் காட்டினார். இடது கையால் சோறு தின்ன அவளுக்கு மனசு ஒப்பாது என்பதால், பிசைந்து ஊட்டினார். தலை வாரிவிட்டார். கட்டிய நாளிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு கொடுத்தறியாத மனுஷன்! அவளுக்கும் அது பிடித்துப்போயிற்று. பொய் சொல்வானேன், எங்களுக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

ஐப்பசி பிறந்தும் விரல்கள் பாதிதான் மடங்கின. பாகூரில் பிசியோதெரபி செய்கிற வெண்ணிலாவிடம் கூட்டிப்போனார்.

"இன்னா பயிற்சி செய்றீங்க?" என்று கேட்டாள் அவள்.

"ஸ்கேன்லயே கை வந்துடும்னு இருக்குதேம்மா," என்றார் ஆதிமூலம்.

"வழி நல்லா இருக்குதுன்னுதான் படம் சொல்லுது. நடக்க வேண்டியது யாரு? இப்படியே உட்டா அந்தக் கை தூங்கிடும், பெரியப்பா."

கை வராமலே போய்விடுமோ என்று காசம்மாளுக்கு அன்றுதான் பயம் பிடித்தது. வீடு வரும்வரை இடது கையால் அந்த விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மறுநாளிலிருந்து, வெண்ணிலா சொன்னபடி இடது கையைத் துண்டால் கட்டிக்கொண்டு வலது கையால் மல்லாட்டைக் கடலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். கோபத்தில் வாரி இறைத்தாள், அழுதாள், மறுபடி பொறுக்கினாள். உதவிக்குப் போய்விடக் கூடாதென்று ஆதிமூலம் தன் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். சோறு மட்டும் அவர்தான் ஊட்டினார்.

மாசியில் ஒரு மத்தியானம் கருவாட்டுக் குழம்பு. காசம்மாள் தட்டைத் தன் பக்கம் இழுத்துத் தானே பிசைந்தாள். பாதிச் சோறு மடியில் விழுந்தது, மீதி வாய்க்குப் போயிற்று. ஆதிமூலம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னாய்யா அழுவற? கைதான் வந்துடுச்சே!"

"சந்தோசம்தான்டி. நாளைலேர்ந்து நான் ஊட்ட வேணாம், இல்ல?"

அவள் அடுத்த கவளத்தை உருட்டினாள். கை நடுங்க நடுங்க அதை அவர் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"வாயைத் தெறய்யா. பயிற்சிய உடக் கூடாதாம்."