கிளி என்று சொன்னதால் கிடைத்த லீவு

திருவனந்தபுரம் கரமனையில் குடியிருக்கும் நெல்லையப்பன் விமானப்படையில் இருந்த காலத்தில் நாட்டைக் காத்தது ஒரே ஒரு முறை. எதிரி யாரும் வராததால் அது சுலபமாக முடிந்தது.

1999. விழிஞ்ஞத்துக்கு மேலே ஒரு குன்றில் புதிய ரேடார் நிலையம் எழுந்திருந்தது. இருநூறு கிலோமீட்டர் தள்ளி வரும் விமானம் திரையில் தெரியும். தண்ணீர் லாரி எந்த வளைவில் நிற்கிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. திறப்புவிழாக் கல்வெட்டு வந்துவிட்டது. கழிப்பறைக் கதவு வரவேண்டியிருந்தது.

நெல்லையப்பனுக்குத் தொலைபேசி வேலை. சங்கரன்கோவிலிலிருந்து வந்து ஒரு மாதம்தான். மலையாளம் பாதி புரியும். மீதியும் புரிந்ததாக வைத்துக்கொள்வார். வரும் வியாழக்கிழமை அவருக்கும் பூமாரிக்கும் கல்யாணம். பத்து நாள் லீவு கேட்டு எழுதிய தாள் அதிகாரியின் மேசையில் தேநீர்க் கோப்பையைத் தாங்கிக்கொண்டிருந்தது.

"ஆள் இல்லடா. கல்யாணத்தைத் தள்ளி வை," என்றார் அதிகாரி. பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாக வரும்.

சனிக்கிழமை காலை திரையில் ஒரு புள்ளி நகர்ந்தது. புது ரேடாரின் முதல் புள்ளி. என்னவென்று கேட்டுத் தலைமையகம் தொலைபேசியில் கத்தியது. கூரைமேல் காவலில் இருந்த சஜி தொலைநோக்கியில் பார்த்தான். கடலோரப் பறவைக் கூட்டம்.

"அண்ணா, கிளியாணு! நிறையெ கிளி!"

மலையாளத்தில் எந்தச் சிறு பறவையும் கிளிதான். நெல்லையப்பனுக்குக் கிளி என்றால் பச்சைக்கிளி மட்டும். தொலைபேசியில் ஆங்கிலத்தில், "பாரட், சார்," என்றார்.

விமானப்படைப் பேச்சில் 'பாரட்' என்றால், 'நான் உங்கள் ஆள்' என்று அறிவிக்க நம் விமானத்தில் வைத்திருக்கும் கருவி. வந்தது நம் விமானமே என்று தலைமையகம் பதிவுசெய்து, புதிய நிலையத்தைப் பாராட்டியும் விட்டது. பிறகுதான் அந்த நேரத்தில் நம் விமானம் எதுவும் பறக்கவில்லை என்பது அவர்களுக்கு நினைவு வந்தது. திங்கட்கிழமை விசாரணைக் குழு வருவதாகச் செய்தி வந்தது.

அதிகாரி நெல்லையப்பனை அழைத்தார். "பாரட்டுன்னு சொன்னது நீதானே?"

"சஜி கிளின்னான் சார்."

"அவன் சொன்னது பட்சி!"

நெல்லையப்பன் பார்த்தது மேசைமேல் இருந்த தாளைத்தான். கல்யாணம் போச்சு என்று நினைத்தார். அதிகாரி கோப்பையை நகர்த்தினார். 'பாரட்' என்று சொன்ன ஆளே இங்கே இல்லாவிட்டால் குழு யாரையும் கேட்க முடியாது, கிடைத்த பாராட்டும் அப்படியே இருக்கும் என்பது அவர் கணக்கு. லீவுத் தாளில் பத்தை அடித்து இருபது என்று எழுதினார்.

"இன்னைக்கே கிளம்பு. விசாரிக்க வர்றவங்க கண்ணுல படாதே."

வாசலில் சஜி சிரித்தான். "கிளி பறந்நு போவுகயாணோ அண்ணா?"

"போடா, உன் பாஷையாலதாண்டா எனக்குக் கல்யாணம்," என்றபடி நெல்லையப்பன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். பாதி வழியில் தண்ணீர் லாரி நின்றிருந்தது. அதைப் பற்றி யாருக்கும் தகவல் சொல்லவில்லை.