அரை வில்லைத் தீர்ப்பு

கந்தப்பன் முதலில் டப்பாவைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார். கற்பூரம் கரைந்து போகாமலிருக்க உள்ளே போட்டிருக்கும் மிளகு கடகடவென்று உருளும். பிறகு மூடியைத் திறந்து, மிளகைச் சுண்டுவிரலால் ஒதுக்கிவிட்டு, ஒரு வில்லையை எடுத்துப் பெருவிரல் நகத்தால் சரிபாதியாகக் கிள்ளுவார். ஒரு பாதி டப்பாவுக்குத் திரும்பிப் போகும். மறுபாதி வெற்றிலையின் மேல் ஏறும். களவு, எல்லைத் தகராறு என்றால் முழு வில்லை. புருஷன் பெண்சாதி வழக்கு என்றால் அரை வில்லையே தாராளம். "அது எரிஞ்சு முடியறதுக்குள்ள ரெண்டும் கூடிக்கும்" என்பார்.

பெரகலைச் சந்திக்கு மேலே, தேயிலைத் தோட்டமொன்றின் மேற்பிரிவுக்கு அவர்தான் தொழிற்சங்கத் தலைவர். ஒரு காலத்தில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை; இப்போது அதில் எப்போதும் ஒரு குடை இருக்கும், மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைக்கு மேல், எந்த நாட்டுப் பள்ளிக்கூடத்துச் சின்னமோ பொறித்த ஒரு பழைய ஸ்வெட்டர். சரிவான இடத்தில் யாரோடு பேசினாலும் அவருக்கு மேல்படிதான் வேண்டும். தோட்டத்து நிர்வாகி துரை ஜீப்பை நிறுத்தி இறங்கினால்கூட, கந்தப்பன் பேச்சைத் தொடங்குமுன் நைசாக இரண்டு எட்டு மேலே ஏறிவிடுவார். துரை அண்ணாந்து பார்ப்பதில் அவருக்கு ஒரு திருப்தி.

அவருடைய பெரிய பெருமை ஒன்று உண்டு. பிள்ளைகள் சோதனை பாஸானதை மற்றவர்கள் சொல்வது போல அதைச் சொல்வார்: "எங்க டிவிசன்ல இருந்து ஒரு பொம்பள புருஷன் அடிச்சான்னு பொலிசுக்குப் போனதில்ல." போகாததற்குக் காரணம் அடி இல்லாதது அல்ல, தலைவர் இருப்பது. அடி வாங்கியவள் இரவோடு இரவாக அவர் வாசலுக்கு வருவாள். விடிந்ததும் அடித்தவனை அழைத்து வரச் சொல்வார். மாரியம்மன் கோவில் முன்னால் அரை வில்லை எரியும். அவன் உள்ளங்கையால் அதை அடித்து அணைத்து, இனிக் கை நீட்ட மாட்டேன் என்று சத்தியம் செய்வான். பிறகு தலைவர் வீட்டில் இருவருக்கும் ஒரே தட்டில் தேத்தண்ணி வரும்.

தேத்தண்ணி ஊற்றுவது அவர் மனைவி பெரியாயி. கணவரின் நீதி நிர்வாகத்தைப் பற்றி அவளுக்கென்று ஒரு கருத்து உண்டு. அதை அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொல்வாள்: "இவரு தீத்து வச்ச சண்டயெல்லாம் மறுபடி மறுபடி வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவுது."

அப்படி மறுபடி மறுபடி வந்தவள் நிஷாந்தினி. முதல் தடவை உதடு. இரண்டாம் தடவை, பிடுங்கப்பட்ட தலைமயிரைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தாள். மூன்றாம் தடவை இடது கை துணித் தொட்டிலில் தொங்கியது. கொழுந்து பறிக்கிறவளுக்கு இரண்டு கையும் வேண்டும். அவள் புருஷன் ஜெயரூபன் மூன்று தடவையும் சலிக்காமல் வந்து, மூன்று தடவையும் பணிவாக நெருப்பை அணைத்தான். இதற்கு முந்திய சத்தியம் என்ன ஆனது என்று கூட்டத்தில் யாரோ முணுமுணுத்ததற்கு, அன்றைக்குக் காற்றடித்தது, நெருப்பை அணைத்தது அவன் கையா காற்றா என்பது சந்தேகம், ஆகவே அது கணக்கில்லை என்று கந்தப்பன் சட்ட விளக்கம் கொடுத்தார்.

நிஷாந்தினி அன்று தேத்தண்ணியைத் தொடவில்லை. "சூடம் தீந்து போனா கடையில வாங்கிக்கலாம் தலைவரே. கை முறிஞ்சா எங்க வாங்கறது? நா பொலிசுக்குப் போறேன்" என்றாள்.

கந்தப்பனுக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு வருவது அனுதாபம், அதுதான் ஆபத்து. "அவசரப்படாத புள்ள. அங்க சிங்களத்துல எழுதுவாங்க. நீ என்னா சொன்னேன்னு ஒனக்கே வெளங்காது. அவன உள்ள போட்டா தோட்டத்து வேலையில பேரு வெட்டிருவாங்க, அப்பறம் குடியிருக்க லயத்துக் காம்பராவும் இல்ல. இன்னைக்கி வூட்டுக்குப் போ. நா இருக்கேன்ல?" அவர் சொன்னதில் ஒன்றும் முழுப் பொய் இல்லை. அவள் போனாள்.

அந்த மாதத்தில்தான் பதுளையிலிருந்து துவாரகா வந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு நீதி எட்டுகிறதா, எட்டினால் எவ்வளவு தூரத்தில் என்று தோட்டம் தோட்டமாக அளக்கும் ஓர் அமைப்பில் வேலை. கந்தப்பன் மேல்படியில் நின்றபடி விசாரித்தார்.

"அத எதுல மிஸ் அளப்பீங்க? கொழுந்து மாதிரி தராசுல போட்டா?"

"கேள்வி கேட்டுத்தான் ஐயா. ஒவ்வொரு பெம்பிளையோடயும் தனியாக் கதைக்க வேணும். ஒருத்தருக்கும் தெரியாமல்."

ஒருத்தருக்கும் தெரியாமல் செய்வதற்கு என்ன வழி என்று கந்தப்பன் யோசித்தார். பிறகு நேரே கோவிலுக்குப் போய் ஒலிபெருக்கியைப் போட்டார். புருஷன்மார் அடித்த பெண்கள் எல்லாரும் பின்னேரம், குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவுக்கு வரவேண்டும், பதுளையிலிருந்து மிஸ் வந்திருக்கிறார், விஷயம் இரகசியமானது என்று இரண்டு முறை அறிவித்தார். எதிர்மலையிலிருந்த அடுத்த தோட்டத்துக்கும் அது தெளிவாகக் கேட்டது.

யாரும் வரமாட்டார்கள் என்று துவாரகா தலையில் கை வைத்தாள். எல்லாரும் வந்தார்கள். மீரியபெத்தவில் மண் சரிந்த காலத்திலிருந்து இந்தப் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு: யார் வந்து ஆளெண்ணினாலும் பின்னாலேயே அரிசியோ பாயோ கூரைத்தகரமோ வரும். ஆகவே பெண்கள் நல்ல சேலை உடுத்து வந்தார்கள். புருஷன்மார் கூடவே வந்து, கதவு வரை பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். "அடிச்சேன்னு சொல்லு. வெக்கப்படாத. போன தைப்பொங்கலுக்கு அடிச்சேன்ல, அதச் சொல்லு." தன் கையால் ஒரு நாளும் அடிக்காத அப்பாவி ஒருவர், இப்போது என்ன செய்வது என்று கந்தப்பனிடம் கவலையோடு ஆலோசனை கேட்டார்.

"நான் ஒண்டும் குடுக்க வரேல்லை. கேட்டுப்போட்டுப் போகத்தான் வந்தனான்" என்று துவாரகா சொல்லிப் பார்த்தாள். முதலில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்பது ஊருக்குத் தெரியும்.

பக்கத்தில் இருந்து உதவி செய்ய முன்வந்த கந்தப்பனை அவள் வெளியே அனுப்பிவிட்டாள். அவர் பிள்ளைக் காம்பராவின் மேல்படியில் குடையை ஊன்றி நின்றார். கண்ணாடிக்குள் வாய்கள் அசைவதுதான் தெரிந்தது. ஒவ்வொருத்தியும் ஏதோ ஒரு கட்டத்தில் அவர் நின்ற பக்கம் கையைக் காட்டினாள். கந்தப்பன் சட்டைக் கழுத்தைச் சரிசெய்துகொண்டார்.

நிஷாந்தினி உள்ளே போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. ஜெயரூபனுக்குப் பெருமை தாங்கவில்லை. "ஏம் பொண்டாட்டிதான் நல்லா வெவரமா சொல்றா. எங்களுக்கு ரெண்டு தகரமாச்சும் நிச்சயம்" என்றான். சுற்றி நின்றவர்கள் பொறாமையோடு சிரித்தார்கள்.

மாலையில் துவாரகா தன் டேப்லெட்டை மூடினாள். யாரிடம் முறையிட்டாய் என்ற கேள்விக்கு அநேகமாக எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள் என்பதை மட்டும் தலைவரிடம் சொன்னாள். முறையிடும் இடத்துக்குத் தூரம்: கூப்பிடு தூரம். மொழி: தமிழ். பஸ்சும் இல்லை, காத்திருப்பும் இல்லை. அவளுடைய அளவுகோலில் மாகாணத்துப் பொலிஸ் நிலையங்கள் எல்லாவற்றையும் கந்தப்பன் முந்திவிட்டார்.

"மேல, பொலிசுக்கு எத்தினை பேரை அனுப்பினீங்கள் ஐயா?"

"ஒன்னு கூட இல்ல மிஸ்" என்றார் கந்தப்பன். "சுத்தம்."

தகரம் வரவில்லை. அடுத்த வாரம் ஒரு காலையில் நிஷாந்தினி வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்கு வரவில்லை. துணித் தொட்டிலில் தொங்கிய கையோடு பெரகலையில் பஸ் ஏறிப் பொலிசுக்குப் போயிருந்தாள். தமிழ் தெரிந்த பெண் அலுவலர் எந்த நாளில் இருப்பார் என்பதைத் துவாரகாவிடம் கேட்டு வைத்திருந்தாளாம். ஜெயரூபனைக் கூப்பிட்டார்கள். அவள் தண்ணீர் ஓடும் கானில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டாள், நான் தொடவே இல்லை என்றான் அவன். போன வாரம் கத்திச் சொன்னதெல்லாம் தகரத்துக்காகச் சொன்னதாம். லயத்தில் யாரும் சாட்சிக்கு வரவில்லை. பொலிஸ் தலைவரை வரச் சொன்னது.

"ஒரு வார்த்தையில முடிச்சிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கந்தப்பன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். பெரியாயியும் கூடப் போனாள்.

உண்மையில் ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது. ஜெயரூபன் சொல்வது சரிதானா, அடி எதுவும் நடக்கவில்லையா என்று பெண் அலுவலர் தமிழில் கேட்டார். ஆமாம் என்றால் நிஷாந்தினியின் முறைப்பாடு அங்கேயே விழுந்துவிடும், தோட்டத்தின் பேரும் பிழைத்துவிடும். கந்தப்பன் வாயைத் திறந்தார். ஆனால் அந்த ஆமாம் அவருக்குள் எங்கேயோ இடித்தது.

"ஒன்னுமே நடக்கலேன்னா," என்றார், "நா மூணு வாட்டி என்னத்தத் தீத்து வச்சேன்?"

அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. உதடு, மயிர், கை, யார் எங்கே நின்றது, யார் என்ன சத்தியம் செய்தது, காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, எல்லாவற்றையும் தன் விசாரணையின் சிறப்பு குறையாமல் சொன்னார். ஜெயரூபனை நீதிமன்றத்துக்குக் கொண்டு போனார்கள். நிஷாந்தினி பிள்ளைகளோடு தெமோதரைப் பக்கம் அக்கா வீட்டுக்குப் போனாள்.

லயத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். தலைவர் வீம்புக்குத் தன் தீர்ப்பைத் தானே காட்டிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார் என்றார்கள். கந்தப்பன் மறுக்கவில்லை. எல்லாவற்றையும் ஒழுங்காக விளங்கப்படுத்திவிட்டு வந்ததாக மட்டும் சொன்னார்.

பொலிஸ் நிலையத்தில் கதவோரத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த பெரியாயி மற்றதை வெகு நாளைக்குப் பிறகுதான் சொன்னாள். வாக்குமூலத்தை முழுவதும் வாசித்துக் காட்டி, இதில் ஏதாவது வெட்ட வேண்டுமா, சேர்க்க வேண்டுமா என்று அந்த அலுவலர் கேட்டாராம். கந்தப்பன் குடையைச் சுவரில் சாத்தி வைத்தாராம். பிறகு, "ஒன்னு சேக்கணும். மூணு வாட்டியும் அந்தப் புள்ளைய அதே வூட்டுக்குத் திருப்பி அனுப்புனது நாந்தான். அதயும் எழுதுங்க" என்றாராம். எழுதியதும், அந்த ஒரு வரியை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அதற்கு நேர் கீழே கையெழுத்துப் போட்டாராம்.