கப்பலுக்குத்தான் முதல் கோடு

துறைமுகக் கிடங்கில் சாக்கு தைக்கிறவளுக்குக் கிறுக்கி என்று பெயர் வைத்ததே அவள் புருஷன்தான். மத்தியானம் சாப்பிட்டதும் எல்லோரும் கண்ணசரப் போவார்கள். அவள் மட்டும் கப்பல் கயிறு மாட்டும் இரும்புக் குத்தியில் உட்கார்ந்து, பிரித்துப் போட்ட அட்டைப்பெட்டியில் பென்சிலால் வரைந்துகொண்டிருப்பாள். புருஷன், கப்பலை இழுத்து வரும் இழுவைப் படகில் கயிறு வீசுகிறவன். கப்பலைப் பார்த்து நின்றால்தான் கயிறு வீச முடியும். கரையில் இருப்பவர்களுக்கு எப்போதும் அவன் முதுகுதான்.

அவளுக்கென்று ஒரு சட்டம் உண்டு. கண்ணெதிரே இருப்பதைத்தான் வரைவாள். எது முதலில் கிளம்பிப் போகுமோ, அதை முதலில் பிடிப்பாள்.

"என் மூஞ்சி எப்போ வரும்?" என்பான்.

"கப்பல் இப்பவே போயிடும். நீங்க சாயங்காலம் சோத்துக்கு வந்துதானே ஆகணும்?"

"வந்தா மட்டும் வரைஞ்சிடுவியாக்கும். தண்ணி தூக்கத்தான் சொல்லுவ."

அதுவும் நிஜம்தான்.

ஒரு மழை நாளில் கயிறு அறுந்து இழுவைப் படகு கவிழ்ந்தது. மற்றவர்களைத் தூக்கிவிட்டார்கள். அவன் கிடைக்கவே இல்லை. கல்யாணத்துக்குக்கூடப் படம் பிடிக்காத வீடு அது. அவன் முகமிருந்த ஒரே படம் வேலை அட்டையில் இருந்தது; அது அவன் சட்டைப்பையோடு போய்விட்டது.

அழுது ஓய்ந்த ஒரு காலையில் மாமியார் அவள் வரைந்த அட்டைகளையெல்லாம் தரையில் பரப்பச் சொன்னாள்.

"என் பிள்ளை முகத்தைச் சுவத்துல மாட்டணும்டி."

கப்பலின் புகைக்கூண்டும் பாரந்தூக்கியும் ஓர் ஆணி பிசகாமல் இருந்தன. அவனும் எல்லா அட்டையிலும் இருந்தான், நாலே கோட்டில், முதுகு காட்டிக்கொண்டு.

"முகத்தை நீயே போடேன். உனக்குத் தெரியாத முகமா?"

அன்றைக்குத்தான் அவள் தன் சட்டத்தை மீறினாள். புதிய அட்டை எடுத்து உட்கார்ந்தாள். புருவம் வந்தது. மூக்கு யாருடையதோ மாதிரி வந்தது. அழித்துப் போட்டாள், மறுபடி அழித்தாள். தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட முகத்தை ஒருநாளும் உற்றுப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"வரலை அத்தை."

மாமியார் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கீழே கிடந்த ஓர் அட்டையை எடுத்து அந்த நாலு கோட்டை விரலால் தடவினாள்.

"இடது தோள் இறங்கியிருக்கு பாரு. அவனேதான்."

பிறகு, பிள்ளை அடுத்த அறையில் இருப்பதுபோல் சாதாரணமாகக் கேட்டாள்.

"அவனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பச் சொல்லேன்டி."