முத்துமீனாளின் ஆடிச்சுற்று

வருஷத் திவசம் முடிந்த மறுநாள் காலையில் முத்துமீனாள் தும்மினாள். தும்மி முடித்தபோது சேலை நனைந்திருந்தது. தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தபடியே, வெட்டிய ரவிக்கைத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு, இது எப்படி என்று வெகுநேரம் யோசித்தாள். நேற்றோடு போயிருக்க வேண்டுமே.

அவள் கணக்கு அப்படித்தான் இருந்தது. போன வருஷம் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறுவதற்கு முந்தின வாரம், அவள் கணவர் சங்கரபாண்டியன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு போனபோது வாசலில் விழுந்து அழுதாள். அந்த அழுகையில் அடிவயிறு கைவிட்டுவிட்டது. குளிப்பாட்டிய தண்ணீரில் வாசலே நனைந்து கிடந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அதற்கப்புறம் இருமினால் வந்தது, குடத்தைத் தூக்கினால் வந்தது. கடைக்குப் போய்விட்டு வந்து பூட்டில் சாவியை நுழைக்கும்போது, அதுவரை சும்மா இருந்த வயிறு திடீரென்று அவசரப்படுத்தும். கதவு திறப்பதற்குள் பாதி போய்விடும்.

துக்கம் ஆளுக்கொரு இடத்தில் உட்காரும் என்று அவள் நினைத்தாள். அவருடைய தங்கைக்குத் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. தனக்கு இப்படி. கோயிலுக்குப் போகாமல், விசேஷ வீடுகளுக்குப் போகாமல் இருப்பதைப் போல இதையும் ஒரு வருஷத்துக்கு உரியதாக எடுத்துக்கொண்டாள். ரவிக்கை தைத்து மிஞ்சிய லைனிங் துணிகளை மடித்து வைத்துக்கொண்டாள், துவைத்துக் கொல்லையில் மற்ற துணிகளுக்கு அடியில் காயப்போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. அழுகையைப் போய் ஆஸ்பத்திரியில் காட்டுவார்களா?

கரிவலம்வந்தநல்லூரில் பிறந்து, சங்கரன்கோவிலுக்கு வாழ வந்தவள் அவள். சங்கரபாண்டியன் மேலநீலிதநல்லூர் யூனியன் ஆபீசில் உதவியாளர். சத்தமில்லாத மனிதர். ஒரே மகள் ஆனந்திக்கு வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று சொன்னபோது, சுகமாகப் பெற்றெடுத்தால் ஆடிச்சுற்று சுற்றுவதாகக் கோமதியம்மனுக்கு வேண்டிக்கொண்டார். கொடி ஏறியதும் கோயிலை நூற்றெட்டுத் தடவை சுற்றி வருவது. தபசில் ஒற்றைக் காலில் நிற்கிற அம்மனின் கால்வலியைச் சுற்றுகிறவர்கள் பங்கு போட்டுக்கொள்வதாகச் சொல்வார்கள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. சுற்றத்தான் அவர் இல்லை.

அந்த வேண்டுதலை இந்த வருஷம் தான் முடிப்பது என்று முத்துமீனாள் இருந்தாள். திவசம் முடிந்தால் கோயிலுக்குள் போகலாம், உடம்பும் சரியாகிவிடும். இரண்டில் ஒன்றுதான் நடந்தது.

கொடி ஏறியது. அவள் போகவில்லை. எல்லா நோய்க்கும் மருந்தென்று கோயிலில் கொடுக்கிற புற்றுமண்ணை வாங்கிவரச் சொல்லிக் கரைத்துக் குடித்தாள். பிறகு, குடிப்பதால்தானே வருகிறது என்று தண்ணீரையே குறைத்தாள். மதியம் வரை ஒரு வாய் காப்பி மட்டும். அப்படியும் வந்தது, முன்னைவிட எரிச்சலோடு, அடிக்கடி வந்தது. குடிக்காத தண்ணீர் எங்கேயிருந்து வருகிறதென்று அவளுக்குப் புரியவில்லை.

ஹூக் வைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்க வந்த பொன்செல்வியிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டாள். பொன்செல்வி பக்கத்து வீட்டுக்காரி, தறியில் வேலை, வாய் நிற்காது.

"ஏட்டி, கோயிலுக்குள்ள வச்சு ஒருத்திக்கு அடக்க முடியாமப் போயிட்டுன்னா அது தீட்டா?"

"யாருக்கு மதினி?"

"யாருக்கோ."

"யாருக்கோன்னா அந்த யாருக்கோவத்தான் கேக்கணும்." என்றாள் பொன்செல்வி. "கைப்பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு எத்தன பேரு வாராக. அது பிரகாரம் முச்சூடும் நனைக்கு. அம்மன் என்ன டயப்பர் கட்டிட்டு வாங்கன்னா சொல்லுதா?"

"அது பிள்ளைல்லா?"

"நீங்க மட்டும் என்ன, அம்மனுக்குப் பாட்டியா?"

முத்துமீனாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் சட்டென்று எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது பொன்செல்வி ரவிக்கையை எடுக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். "எனக்கும் தும்மினா வரும் மதினி. தறிச் சத்தத்துல யாருக்கு என்ன தெரியப் போவுது," என்றாள், சாதாரணமாக. "எஞ் சின்னவன் பொறந்ததுல இருந்து."

உனக்கு யாரும் சாகவில்லையே என்று வாய்வரை வந்ததை முத்துமீனாள் விழுங்கினாள்.

பொன்செல்விதான் ராஜபாளையத்தில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டிருக்க வேண்டும். இரண்டாம் நாள் ஆனந்தி வந்து நின்றாள், பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு. வந்த உடனே ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

டாக்டரம்மா சிறுநீரையும் சர்க்கரையையும் பார்க்கச் சொன்னார். படுக்கவைத்து, இருமச் சொல்லிப் பார்த்தார். கிருமியும் இல்லை, சர்க்கரையும் இல்லை. "இருமும்போது வருதா, அவசரமா வந்து அடக்க முடியாமப் போகுதா?"

"ரெண்டும்தான் டாக்டர்."

"மாதவிலக்கு நின்னாச்சா?"

"ரெண்டு வருசமாச்சு."

"இது எப்போ ஆரம்பிச்சுது?"

"அவுக போன அன்னைக்கு."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். ஆனந்தி தரையைப் பார்த்தபடி, "இல்லம்மா," என்றாள். "முன்னாடியே உண்டு."

"எனக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?"

"அப்பா வண்டிய நிப்பாட்டுவாகல்லா. கரிவலத்துக்குப் போறதுக்குள்ள ரெண்டு எடத்துல. டயருக்குக் காத்து பாக்கணும், சேக்காளிய ஒரு எட்டுப் பாத்துட்டு வாரேன், நீ அவுக வீட்டுக்குள்ள போயிட்டு வான்னு. அந்த டயருல எந்தக் காலத்துலம்மா காத்து எறங்குச்சு? கல்யாண வீட்டுல மொதல்ல கக்கூஸ் எங்கன இருக்குன்னு உனக்காகப் பாத்து வச்சுட்டுத்தான் பந்திக்கு வருவாக. நீ பாத்ததில்லையா?"

பார்த்திருக்கிறாள். இவருக்கு ஊரெல்லாம் சிநேகிதம் என்று சலித்துக்கொண்டிருக்கிறாள்.

அதற்குமேல் டாக்டரம்மா சொன்னது காதில் விட்டு விட்டுத்தான் விழுந்தது. சிறுநீர்ப்பையைக் கீழேயிருந்து தாங்குகிற தசைகள் பிரசவத்தில் தளரும், மாதவிலக்கு நின்றபின் இன்னும் தளரும், நிறையப் பெண்களுக்கு உண்டு, வெளியே சொல்வதில்லை. பத்துப் பேர் நடுவில் காற்றுப் பிரியாமல் அடக்குவது போல அந்த இடத்தை இறுக்கி, கொஞ்சம் நிறுத்தி, மெதுவாக விட வேண்டும். வயிற்றையும் தொடையையும் இறுக்கக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. தினமும் மூன்று வேளை செய்தால் சில மாதத்தில் தெரியும். அவசரம் வந்தால் ஓடாதீர்கள், நின்று நாலைந்து தடவை இறுக்குங்கள், அலை அடங்கியதும் நடந்து போங்கள்.

"தண்ணியக் குறைச்சீங்களா?"

தலையாட்டினாள்.

"குறைச்சா சிறுநீர் கெட்டிப்பட்டுப் பையை உறுத்தும், அதான் எரிச்சல். தண்ணியக் குடிங்க, காப்பியக் குறைங்க. இதுக்குன்னே பேட் இருக்கு, வச்சுக்கோங்க. பயிற்சியில கேக்கலைன்னா மாத்திரை இருக்கு, வேற வழியும் இருக்கு. வாங்க, பாப்போம்."

"சரியாப் போயிருமா டாக்டர்?"

"பெரும்பாலும் நல்லாவே குறையும்."

சந்தோஷப்பட வேண்டிய பதில். ஆட்டோவில் வரும்போது முத்துமீனாளுக்கு ஏதோ களவு போன மாதிரி இருந்தது. பயிற்சியில் குறைகிற ஒன்று துக்கமாக இருக்க முடியாது. அப்படியானால் ஒரு வருஷமாக அவருக்காகச் சுமக்கிறோம் என்று நினைத்துச் சுமந்தது எதை? அவர் போனதால் வந்ததும் இல்லை. ஆனால் அவர் போனபிறகுதானே நனைந்தது? வண்டியை நிறுத்துவதற்கு ஆள் இல்லாமல்தானே நனைந்தது? அப்படிப் பார்த்தால் தான் நினைத்ததும் சரிதானோ? எந்தப் பக்கம் திரும்பினாலும் முடிச்சு அவிழவில்லை.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா," என்றாள் திடீரென்று.

"யாரு? அப்பாவா?" என்றாள் ஆனந்தி. "நீ கூச்சப்படுவேன்னு இருந்திருப்பாக."

மறுநாள் விடிந்ததும் ஒரு செம்புத் தண்ணீர் குடித்தாள். பேட்டை வைத்துக்கொண்டாள். தபசுக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. தசை வலுக்கிற வரைக்கும் அம்மன் ஒற்றைக் காலில் காத்திருக்க மாட்டாள். கோயிலுக்குத் துணையாக வந்த பொன்செல்வி, "பாதியில போவணும்னா போயிட்டு வருவோம், நம்மள என்ன கட்டியா போட்டிருக்காக," என்றாள்.

முந்தானையில் நூற்றெட்டுப் புளியங்கொட்டைகளை முடிந்துகொண்டு, சுற்றுக்கு ஒன்றாகக் கைப்பைக்குள் போட்டபடி நடந்தாள். கூட்டம் இருபுறமும் இடித்துக்கொண்டு போனது. எத்தனையோ சுற்றானபின் அவசரம் வந்தது. ஓடப் பார்த்த காலை நிறுத்தி ஒரு தூணோரம் நின்றாள். இறுக்கினாள், விட்டாள். எந்த இடத்தை இறுக்குகிறோம் என்பதே நிச்சயமாகத் தெரியவில்லை. கொஞ்சம் கசிந்தது. மிச்சம் நின்றது. வெளியே கட்டணக் கழிப்பறைக்கு நடந்தே போனாள்.

அங்கே சேலையைத் தூக்கிச் செருகும்போது முடிச்சு அவிழ்ந்து கொட்டைகள் ஈரத்தில் சிதறின. திரும்பி வந்து பொன்செல்வியிடம் சொன்னாள்.

"பையில கிடக்கத எண்ணுங்க மதினி."

"அதுக்குள்ள ரெண்டு வாட்டி சில்லறைய அள்ளினேன். கூட எத்தன கொட்ட போச்சோ."

"சரி, பாதின்னு வச்சுக்கிடுங்க. அம்மன் என்ன ரசீதா கேக்கப் போறா?"

"அவுக வேண்டுனது, செல்வி. நானாக் கொறைக்க முடியாது. ஒண்ணுல இருந்தே தொடங்குதேன்."

"வீட்டுல உலை வைக்கணும், நான் போறேன்," என்ற பொன்செல்வி போகாமல் கூடவே நடந்தாள்.

முதல் சுற்றில் அம்மன் சன்னிதிப் பக்கம் திரும்பும்போது முத்துமீனாளுக்கு அழுகை வந்தது. யாருக்கென்று பிரித்துப் பார்க்க முடியாத அழுகை. அவருக்காகவா, அவர் நிறுத்தி நிறுத்திப் போன வழிக்காகவா, தெரியவில்லை. அழுதபடியே நடந்தாள். பேட் நனைகிறதா என்றும் தெரியவில்லை. நிற்காமல் அடுத்த சுற்றுக்குத் திரும்பினாள்.