கவர் போச்சு, தூக்குவாளியும் போச்சு

பரோட்டாக் கடையில் மாவு பிசைவதும் வீசுவதும் மாஸ்டர் வேலை. சால்னாவைச் சிந்தாமல் கவரில் கட்டிக் கொடுப்பது முதலாளி வேலை. அந்த வேலையை என் கையிலிருந்து பிடுங்கியவர் தேவசகாயம் சார். பேரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் நான் மறந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்.

திருத்தங்கலில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் என் கடை. நான் நாலாம் வகுப்போடு நின்றவன். சார் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அதனால் ஊர் அவர் பேச்சைத்தான் கேட்கும். கடை வைத்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்களாவது என் பக்கத்தைக் கேளுங்கள்.

முடிச்சு

அந்த ஐப்பசியில் பெய்த மழைக்கு எங்கள் தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டது. தண்ணீர் கடைக்குள் ஏறி அடுப்பு அணைந்துவிட்டது. துப்புரவு வேலை பார்க்கும் மாரியப்பன் வந்து கம்பியை விட்டு இழுத்தார். கவர் கவராக வந்தது. எங்கள் ஊரில் சால்னா கவரை ஒருவரும் அவிழ்ப்பதில்லை. ஓரத்தைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, பரோட்டா மேல் பிழிந்துகொள்வார்கள். முடிச்சு போட்டபடியே கிடக்கும். நான் போடும் முடிச்சு மஞ்சள் நூலில் இரண்டு சுற்று, ஒரு இழுப்பு. சின்னப் பிள்ளைகூட அவிழ்த்துவிடும். அவிழ்க்காமல் எறிந்தவன் குற்றத்துக்கு நான் என்ன செய்ய?

தெருவே கூடி நிற்க, மாரியப்பன் ஒரு கவரைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். "மத்த கடைக் கவரும் கிடக்கு அண்ணாச்சி. ஆனா உங்க முடிச்சுதான் கட்டுன மேனிக்கு அப்படியே இருக்கு."

கூட்டம்

அதற்கப்புறம் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். தையிலிருந்து கவர் கூடாது என்று சர்க்கார் சொல்லியாயிற்று, கடைக்காரர்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள். மளிகைக்கடைக்காரர் பருப்பை மடியில் கட்டியா கொடுப்பது என்று கேட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெடிக் கம்பெனிக்குப் போகும் ஒரு பொம்பளை எழுந்து, "காலையில வேனுக்கு ஓடுற ஓட்டத்துல, சாயங்காலச் சால்னாவுக்கும் சேத்து வாளி தூக்கிட்டா போக முடியும்?" என்றாள். எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்தது.

அப்போதுதான் தேவசகாயம் சார் மைக்கைப் பிடித்தார். "மதியச் சோறு கொண்டு போற தூக்கு, சாயங்காலம் காலியாத்தானம்மா திரும்பி வருது?" என்றார். கேட்டவள் உட்கார்ந்துவிட்டாள். நல்ல பதில்தான். அதனால்தான் எனக்கு அது ஆகவில்லை. அதோடு விட்டாரா? பிளாஸ்டிக் கவர் மண்ணில் மக்குவதற்குள் நம் பேரப்பிள்ளைகளுக்குப் பேரப்பிள்ளை வந்துவிடும் என்றார். சந்தேகம் இருந்தால் நம்ம அண்ணாச்சி கடை முடிச்சைப் போய்ப் பாருங்கள் என்றார். அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது.

வெளியே வரும்போது வெடிக் கம்பெனி போர்மேன் கணேசன் என் தோளில் கை போட்டார். "நாங்க வெடி சுத்துறோம்னு டெல்லி வரைக்கும் திட்டுறாக. உங்களைத் திருத்தங்கல் மட்டுந்தான் திட்டுது. கொடுத்து வச்சவுக நீங்க."

கொள்கை

தடை வந்த முதல் வாரம் ஒரு சாயங்காலம் நல்ல மழை. தேவசகாயம் சார் குடையோடு ஓடி வந்தார். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டார் திடீரென்று வந்துவிட்டார்களாம். பரோட்டாவை இலையில் கட்டிக் கொடுத்தேன். சால்னாவுக்குக் கையை நீட்டினார். கையில் ஒன்றுமில்லை. அவசரத்தில் பாத்திரத்தை மறந்து வந்திருக்கிறார்.

இந்த நாளுக்காகத்தான் நான் மேஜைக்கு அடியில் நாலைந்து கவரைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். அதில் ஒன்றை எடுத்து உதறி, ஊதி, அவர் முகத்துக்கு நேரே விரித்தேன். சார் ஒரு எட்டு பின்னால் போனார். "வேண்டாம் அண்ணாச்சி. மைக்ல பேசுனவன் நான்" என்றார். நிஜமாகவே வாங்க மாட்டேன் என்றுவிட்டார். வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை, நான் ஜெயித்திருப்பேன். அவர் கண், ஆணியில் தொங்கிய என் மதியச் சாப்பாட்டுத் தூக்குவாளி மேல் போனது. அதைக் கொடுக்காவிட்டால் வந்த சம்பந்தகாரர்கள் வெறும் பரோட்டாவைத் தின்ன வேண்டும். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம் என்று வாளியைக் கழுவி, சால்னா ஊற்றி, மூடி போட்டுக் கொடுத்தேன்.

சார் போனதும் மாஸ்டர் சண்முகம் கல்லில் எண்ணெய் விட்டபடி சொன்னார்: "கொள்கை அவுகளோடது, வாளி நம்மளோடது."

பாட்டில்

பாத்திரம் கொண்டுவர ஜனம் பழகியது ஒரு கூத்து. ஒருவர் கோயிலுக்குப் போகிற சொம்போடு வந்தார். ஒருவர் ஹெல்மெட்டைக் கவிழ்த்து இலை போட்டுக் கேட்டார். அச்சாபீஸில் வேலை பார்க்கும் ஒரு தம்பி தண்ணீர் பாட்டிலை நீட்ட, புனல் வைத்து ஊற்றிக் கொடுத்தோம். அதை அவன் வீட்டில் பிரிட்ஜுக்குள் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறான்.

மறுநாள் அதே பாட்டிலோடு வந்து நின்றான். "எங்க அப்பா கலர் சோடான்னு நினைச்சு ஒரு மடக்குக் குடிச்சிட்டாரு அண்ணாச்சி. இன்னைக்கும் அதே மாதிரி வேணுங்காரு."

மிக்ஸி

என் வீட்டுக்காரி சுப்புத்தாய்க்குத் தாய்மாமன் சீராக வந்தது அந்தத் தூக்குவாளி. பாத்திரக் கடையில் பேர் வெட்டிக் கொடுத்தது. வாளி எங்கே என்றாள். சொன்னேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. என் சால்னாவுக்கு மசாலா அரைப்பது அவள்தான். அதில் என்ன சேர்க்கிறாள் என்று இத்தனை வருஷத்தில் எனக்குச் சொன்னதில்லை. மறுநாள் காலையில் மிக்ஸியைத் துணி போட்டு மூடிவிட்டாள். "வாளி வீட்டுக்கு வந்தா மசாலா வரும்" என்றாள்.

கடைப் பொடி வாங்கி ஒப்பேற்றினேன். நாலு நாளில் பாதிக் கூட்டம் எதிர்த்த கடைக்குப் போய்விட்டது. தாயில்பட்டிப் பக்கம் போகும் வேன் டிரைவர் ஒரு வாய் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "தடை போட்டது கவருக்குத்தான அண்ணாச்சி? ருசிக்குமா?"

இனிப் பொறுக்க முடியாது என்று சார் வீட்டுக்குப் போனேன். டீச்சரம்மா, அதாவது சாரின் வீட்டுக்காரம்மா, காபி கொடுத்தார்கள். வாளியைக் கேட்டதும் முகம் வாடிவிட்டது. இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. கொஞ்சம் சீனியாவது, நாலு பழமாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். அந்த அம்மா அதிலும் ஒரு படி மேலே. "உங்க வீட்டு வாளில ஏனோதானோன்னு என்னத்தையாச்சும் போட்டா நல்லாவா இருக்கும் அண்ணாச்சி? கிறிஸ்துமஸுக்கு அச்சு முறுக்கு சுட்டு நிறைச்சுத் தாரேன்."

அப்போது தை மாசம்.

மதினி

கொடுமை அதோடு நிற்கவில்லை. அடுத்த நாளிலிருந்து சார் என் வாளியையே எடுத்துக்கொண்டு என் கடைக்கே சால்னா வாங்க வந்தார். அவருக்கு மட்டும் ருசி போனது தெரியவில்லை. சுப்புத்தாய் பேர் வெட்டிய வாளி தினமும் வரும். நானே ஊற்றுவேன். நானே நீட்டுவேன். அது என் கண்முன்னால் குலுங்கிக்கொண்டே தெருமுனை திரும்பும். பிடுங்கி வைத்துக்கொண்டால் என்ன என்று வீட்டில் கேட்டாள். பிடுங்கிவிட்டுச் சால்னாவை எதில் கொடுப்பேன்? கவர் இல்லை. கவர் இல்லாமல் செய்தவரே அவர்தான். நம் வீட்டு வேறு பாத்திரம் ஒன்றைக் கொடுத்து மாற்றிக்கொள்கிறேன் என்றேன். ஒன்று போனது பத்தாதா என்று அலமாரிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

என் வீட்டுக்காரியை மதினி என்று கூப்பிடும் மாஸ்டருக்கு இது பெரிய வேடிக்கை. சார் தலை தெருவில் தெரிந்ததும் கரண்டியால் கல்லைத் தட்டுவார். "அண்ணாச்சி, மதினி வந்திருக்காக. கவனிங்க."

அந்தக் கிறிஸ்துமஸுக்கு டீச்சரம்மா மகள் பிரசவத்துக்கென்று தூத்துக்குடி போய்விட்டார்கள். அடுத்த கிறிஸ்துமஸுக்கு யாரோ சொந்தத்தில் தவறிவிட்டதால் பலகாரம் சுடவில்லை.

மூடி

கடைசியில் நான் ஒரு வேலை செய்தேன். சிவகாசிக்குப் போய் அதே அளவில் புதுத் தூக்குவாளி ஒன்று வாங்கி வந்து மேஜைக்கு அடியில் வைத்தேன். சார் வந்தார். வாளியை வாங்கினேன். திரும்பி நின்று புது வாளியில் ஊற்றி, அதன் மூடியைப் போட்டு நீட்டினேன். "புதுசா இருக்கே" என்றார். உங்களுக்குத்தான் சார் என்றேன். சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார். பழைய வாளியைக் கையில் தூக்கிக்கொண்டு, ராஜா மாதிரி வீட்டுக்குப் போனேன்.

சுப்புத்தாய் வாங்கிப் பார்த்தாள். பேரைத் தடவினாள். உள்ளே பார்த்தாள். "மூடி எங்க?" என்றாள். சார் எப்போதும் ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்து மூடித்தான் கொண்டுவருவார். ஊற்றிய எனக்கு அது ஒருநாளும் உறைக்கவில்லை. மறுநாளிலிருந்து மிக்ஸி ஓடியது. ஆனால் மசாலாவில் ஏதோ ஒன்று குறைகிறது. என்ன என்று கேட்டால், "அது மூடிக்கு" என்கிறாள்.

போன வாரம் மறுபடியும் சார் வீட்டுக்குப் போனேன். மூடி அடுப்படியில் ஊறுகாய் ஜாடி மேல் அளவாக உட்கார்ந்திருந்தது. "அதை மட்டும் கொடுத்திருங்கம்மா, இந்தா கையிலேயே வாங்கிக்கிடுதேன்" என்றேன். சார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. டீச்சரம்மாதான் பதறிப்போனார்கள். "வெறும் மூடியைக் குடுத்தா நாலு பேரு எங்களை என்ன சொல்லுவாக? அதுல என்னத்தை வைக்க முடியும்? நீங்க வாளியைக் கொண்டாந்து குடுத்திருங்க அண்ணாச்சி. வர்ற கிறிஸ்துமஸுக்கு முறுக்கை நிறைச்சு, மூடியும் போட்டுத் தாரேன்."

கவர் மக்க எத்தனை காலம் ஆகும் என்று மைக்கில் சொன்ன தேவசகாயம் சார், அவர் வீட்டிலிருந்து ஒரு மூடி திரும்பி வர எத்தனை காலம் ஆகும் என்று மட்டும் இன்றுவரை சொல்லவில்லை.