வாசமில்லாத எண்ணெய்

நற்பிட்டிமுனையிலிருந்து கல்முனை பஸார் வரைக்கும் ஸுஹைறாவைத் தெரியாத பெண்கள் குறைவு. தெரிந்தவர்கள் பெயர் சொல்வதில்லை. "தைலக்காரப் புள்ள" என்பார்கள். வயது ஐம்பத்திரண்டு, பேரப்பிள்ளையும் ஒன்று இருக்கிறது. இருந்தும் புள்ளதான்.

அவளை வீடு வீடாகக் கொண்டுபோய் இறக்குவது கணவர் இப்றாஹிமின் ஆட்டோ. பின் ஆசனத்துத் துணியில் லவண்டரும் யூக்கலிப்டஸும் ஊறிப்போயிருந்தன. "ஏறுற சனமெல்லாம் இது ஆட்டோவா மருந்துக் கடையா எண்டு கேக்குது" என்று அவர் சலித்துக்கொள்வார். "உங்கட பெற்றோல் மணத்துக்கு ஆரு ஏறுவாங்க?" என்று அவளும் விடமாட்டாள்.

வேலை பெண்களுக்கு மட்டும். அவரவர் வீட்டில், கதவைச் சாத்திய அறையில். மருதமுனையில் தறியில் இருந்து முதுகு பிடித்தவர்கள், வகுப்பில் நின்று நின்று குதிக்கால் நொந்த ரீச்சர்மார், இரவில் புரண்டு புரண்டு படுப்பவர்கள் என்று கூப்பிடுவார்கள். தேங்காயெண்ணெயில் நாலு துளி விட்டுக் கலப்பாள். தலைப்பாரத்துக்குப் பெப்பர்மின்ட், தடிமனுக்கு யூக்கலிப்டஸ், மனசு கொதிக்கிறவர்களுக்கு லவண்டர். பாதத்தின் படம் ஒன்றும் பையில் இருக்கும். பெருவிரலில் தலை, நடுப்பாதத்தில் வயிறு, குதிக்காலில் இடுப்பு என்று நிறம் நிறமாகக் கீறிய படம்.

"இவடத்த அமத்தினா சீனி குறையுமா புள்ள?" என்று கேட்காதவர் இல்லை.

"சீனி குறையாது. உளைவு குறையும், நித்திர வரும். சீனிக்குக் கிளினிக்குக்குப் போங்க. அந்தத் தேத்தண்ணியையும் கொஞ்சம் குறைங்க."

இதையெல்லாம் அவள் கற்றது டோஹாவில். வீட்டு வேலைக்குப் போனவள் மூன்றாம் வருடம் ஒரு லேடீஸ் சலூனில் தரை துடைக்கச் சேர்ந்தாள். அங்கே மரிஸெல் என்ற பிலிப்பைன்ஸ்காரி இருந்தாள். இரண்டு பேருக்கும் அரைகுறை அரபுதான் பொது. அதிலேயே மரிஸெல் அவளுக்குத் தொழிலைச் சொல்லிக் கொடுத்தாள். முதலில் பார், பிறகு கேள், கடைசியாகத் தொடு. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் தொடாதே, டொக்டரிடம் அனுப்பு. புண் இருந்தால் அப்படியே எழும்பி வா. ஜன்னல் இல்லாத அந்தச் சின்ன அறை, சுவர் ஓரத்தில் ஆவி விடும் மெசின், வியாழக்கிழமை மாலைக் கூட்டம் எல்லாம் ஸுஹைறாவுக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கின்றன. வெள்ளிக்கிழமைகளில் கடை பூட்டு. இருவரும் தரையில் எதிரெதிரே இருந்து, ஒருத்தியின் காலை மற்றவள் மடியில் போட்டுக்கொண்டு, பிள்ளைகளின் படங்களைப் பார்ப்பார்கள். பதினொரு வருட வெளிநாட்டு வாழ்க்கையில் ஓய்வு என்று அவள் நினைத்துப் பார்ப்பது அந்த வெள்ளிக்கிழமைகளை மட்டும்தான்.

போன அறுவடைக் காலத்தில் ஜெமீலாவின் கணவர் அபுல் ஹஸன் வரிப்பத்தான்சேனை வயல் வட்டையில், நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மௌத்து. ஜெமீலாவும் ஸுஹைறாவும் பத்தாம் வகுப்பு வரை ஒரே வாங்கில் இருந்தவர்கள். ஜெமீலாவின் நடைக்கு அந்தக் காலத்தில் ஸுஹைறா ஓடித்தான் ஈடு கொடுக்க வேண்டும். அந்த ஜெமீலா இப்போது, கணவனை இழந்தவள் வெளியே போகாமல் காக்கும் இத்தாவில், உள்ளறையில் இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும்.

பத்தொன்பதாம் நாள் ஜெமீலாவின் மகள் றஸ்னா போன் பண்ணினாள்.

"சாச்சி, உம்மாக்கு நித்திரயே இல்ல. கால் வீங்கிக் கிடக்கு. ஒருக்கா வாங்களன்."

"ரெண்டு காலுமா, ஒண்டு மட்டுமா?"

"ரெண்டும். லேடி டொக்டர் வந்து பாத்தவ. இருந்த இடத்திலயே இருக்கிறதால எண்டா. பிறசர் குளிச தந்திரிக்கி. காலப் புடிச்சி விடலாமாம்."

அன்று ஸுஹைறா பையைத் திறந்து குப்பிகளை எல்லாம் வெளியே எடுத்து வைத்தாள். இத்தாவில் இருப்பவள் வாசனை பூசக் கூடாது. அது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் வெறும் தேங்காயெண்ணெய்ப் போத்தலை மட்டும் பையில் போட்டபோது, கடைக்காரன் வெறும் தராசோடு சந்தைக்குப் போவது போல இருந்தது.

வீட்டு வாசலில் அஸீஸா ராத்தா இருந்தார். அபுல் ஹஸனின் மூத்த சகோதரி. தம்பி மௌத்தான அன்று வந்தவர், இத்தா முடியும் வரை ஜெமீலாவுக்குத் துணையாக அங்கேயே தங்கிவிட்டார். துணை என்று அவர் சொன்னார். காவல் என்று றஸ்னா சொன்னாள்.

"என்ன எண்ண?"

"வெறும் தேங்காயெண்ண ராத்தா. மணம் ஒண்டும் இல்ல."

"தலைக்கு வெக்காத, அலங்காரமாப் போகும்."

"காலுக்கு மட்டும்தான்."

இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள் போனாள். வீக்கம் வடிந்தது. உளைவு குறைந்தது. நித்திரை மட்டும் வரவில்லை. "எண்ட காலுக்குச் சுகம்டி, கண்ணுக்குத்தான் சுகமில்ல" என்பாள் ஜெமீலா. கண்களுக்குக் கீழே கறுத்து, சோற்றைப் பிசைந்தபடி மறந்துபோய் உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் தொழுகையில் சுஜூதிலிருந்து எழும்பும்போது தலைசுற்றி விழுந்து நெற்றியை அடித்துக்கொண்டாள். இன்னும் மூன்று மாதம் இந்த அறைக்குள் இப்படி இருந்தால் இவள் என்ன ஆவாள் என்று ஸுஹைறாவுக்குப் பயம் வந்தது. லவண்டர் இருந்தால் நாலாம் நாளே தூங்க வைத்திருப்பேன் என்றும் ஒரு நினைப்பு. அதற்குப் பின்னாலேயே இன்னொரு நினைப்பும் வந்தது. அப்படியென்றால் இத்தனை வருடமும் ஆட்களைத் தூங்க வைத்தது குப்பியா, என் கையா?

அந்தக் குழப்பத்தில்தான் அது நடந்தது. ஒரு வியாழக்கிழமை, மருதமுனையில் கலியாணப் பொம்பிளை ஒருத்திக்கு லவண்டர் போட்டுப் பிடித்துவிட்டு, சவர்க்காரத்தால் இரண்டு தரம் கை கழுவி, நேரே ஜெமீலாவிடம் போனாள். வேலை முடிந்து எழும்பும்போது, அஸீஸா ராத்தா துவாயை மடித்துக்கொண்டிருந்தார். மடித்த கை நின்றது. துவாயை மூக்கடியில் கொண்டுபோனார்.

"இது என்ன மணம்?"

ஸுஹைறா துவாயை வாங்கி மணந்தாள். ஒன்றும் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை.

"கலியாண வூட்டு மணம் புள்ள இது! எண்ட தம்பிட கபுறு மண் இன்னும் காயல்ல. பொஞ்சாதி வாசம் பூசிக்கொண்டு இருக்கா எண்டு ஊரு கதைக்கும். நீங்க ஆட்டோல ஏறிப் போயிருவீங்க. இவ எங்க போற?"

"மச்சி, அவ வேணுமெண்டு..." என்று ஜெமீலா தொடங்கினாள்.

"நீங்க பேசாம இரிங்க. போதும் புள்ள. இனி வர வேணாம்."

ஆட்டோவில் ஏறியதும் ஸுஹைறா இரண்டு கையையும் இப்றாஹிமின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "மணக்குதா?"

"இது என்ன புதுசாக் கேள்வி? அது எப்பவும் மணக்கிறதானே."

அவளுடைய மூக்கு அந்த வாசத்துக்குப் பழகி, அதை விட்டுவிட்டது. ஊர் முழுக்க அறிந்த மணத்தை அறியாத ஒரே ஆள் அவள்தான்.

மூன்றாம் நாள் றஸ்னா திரும்பவும் போன் பண்ணினாள். அழுதிருந்தாள். "மாமிக்கிட்ட நான் கதைக்கிறன் சாச்சி. உம்மா நேத்தைக்குக் குசினிக்குப் போறதுக்குச் சுவரப் புடிச்சிப் புடிச்சிப் போனா. நீங்க வாங்க."

ஸுஹைறா அன்று உமிச்சாம்பலும் தேசிக்காயும் போட்டுக் கையைத் தேய்த்தாள். தோல் எரிந்தது. இப்றாஹிம் மணந்து பார்த்து, இன்னும் இருக்கிறது என்று தலையை ஆட்டினார். கோப்பித் தூள் போட்டாள். "இப்ப கோப்பியும் மணக்குது" என்றார் அவர். விரல்களை விட்டுப் போனாலும் மணம் ஹபாயாவின் கையில் இருந்தது. அலுமாரிக்குள் இருந்த துணி எல்லாவற்றிலும் இருந்தது. கடைசியில் மகளின் பழைய ஹபாயா ஒன்றை வாங்கி, வெறும் தண்ணீரில் அலசி, இரண்டு நாள் வெயிலில் போட்டாள். அந்த இரண்டு நாளும் ஒரு குப்பியும் திறக்கவில்லை. வரச் சொன்னவர்களிடம் காய்ச்சல் என்றாள். ஜெமீலாவை நாளின் முதல் வேலையாக, சுபஹு தொழுத கையோடு வைத்துக்கொள்வது என்றும் முடிவெடுத்தாள். மணக்கும் ஆட்டோ வேண்டாம் என்று, பையும் இல்லாமல், நடந்தே போனாள்.

வாசலில் அஸீஸா ராத்தா எழும்பி நின்றார். ஸுஹைறா இரண்டு உள்ளங்கையையும் நீட்டினாள். ராத்தா குனிந்து மணந்தார். விரல்களைத் திருப்பிப் பார்த்தார். தேசிக்காயில் வெந்து சிவந்திருந்தன.

"என்ன புள்ள கையை இப்பிடி ஆக்கி வெச்சிரிக்கிறீங்க?"

"மணக்குதா ராத்தா?"

"இல்ல. போங்க உள்ளுக்க. எண்ண நான் தாறன்."

சொன்னபடி தன் கையால் ஒரு கோப்பையில் எண்ணெய் கொண்டுவந்து வைத்து, தஸ்பீஹ் மணியோடு கதவு நிலையடியில் உட்கார்ந்துகொண்டார்.

ஸுஹைறா தெரிந்ததையெல்லாம் செய்தாள். கணுக்காலிலிருந்து மேலே உருவினாள். பெருவிரலை அமத்தினாள். நடுப்பாதத்தில் கட்டைவிரலால் வட்டம் போட்டாள். ஜெமீலா முகட்டைப் பார்த்தபடி கிடந்தாள். அரை மணித்தியாலம் போயிற்று. ஸுஹைறாவுக்குக் கை ஓய்ந்துவிட்டது. அமத்துவதை விட்டு, இடது பாதத்தைச் சும்மா உள்ளங்கைக்குள் பொத்தியபடி களைப்பாறினாள். பிறகு கையை எடுக்கப் போனாள்.

"எடுக்காதடி" என்றாள் ஜெமீலா.

"ஏன், அவடத்த நோகுதா?"

"நோகல்ல. அப்பிடியே வெச்சிரு." குரலைத் தாழ்த்தினாள். "ஒருத்தருக்கும் சொல்லாத. அவரு இப்பிடித்தான். படுத்தா தலைமாடு கால்மாடு மாறிப் படுப்பாரு. எண்ட பாதத்த ஒரு கையால பொத்திக்கொண்டுதான் தூங்குவாரு. முப்பத்தொரு வருசம். கலியாணம் முடிச்ச புதுசில வெக்கமாக் கிடந்திச்சி. காலத் தொடாதீங்க எண்டு இழுப்பன். பொறகு எனக்கும் அது இல்லாட்டி ஏலாமப் போயிட்டு. வட்டைக்குப் போய் காவல் வாடில தங்கினா, ரெண்டு பேருக்கும் நித்திர இல்ல. விடிய வந்து, கண்ணு சிவந்து நிப்பாரு."

"இத ஏண்டி முதலே சொல்லல்ல?"

"இதப் போய்ச் சொல்லுவாங்களா? ஊரு சிரிக்காதா? புருசன் பொஞ்சாதிட காலப் புடிச்சான் எண்டு."

அவள் சிரித்தாள். சிரிப்பின் பாதியில் குரல் உடைந்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஸுஹைறா பாதத்தை இன்னும் கொஞ்சம் நன்றாகப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் ஜெமீலாவின் மூச்சு நீண்டது. பாதத்தின் விறைப்பு விட்டு, கைக்குள் பாரமாக வந்து விழுந்தது. ஸுஹைறாவுக்கு அந்தப் பாரம் தெரியும். எத்தனையோ பேர் அவளுடைய கையில் அப்படி விழுந்து தூங்கியிருக்கிறார்கள். ஜெமீலா தூங்கிவிட்டாள்.

கையை அசைக்கப் பயமாக இருந்தது. வெளியில் வெயில் ஏறியது. அவளைத் தேடி வந்த இப்றாஹிம் தெருவில் ஹோன் அடித்தார். அஸீஸா ராத்தா விறுவிறுவென்று எழும்பிப் போனார். "அறிவில்லையா வாப்பா, ஆள் தூங்கிற வூட்டு வாசல்ல!" என்று அவர் அதட்டியது உள்ளே கேட்டது. ஆட்டோ சத்தம் நின்றது.

திரும்பி வந்தவர் கதவடியில் உட்காரவில்லை. பாயின் ஓரத்துக்கு வந்து இருந்தார்.

"அவ சொன்னது எனக்குக் கேட்டிச்சி."

ஸுஹைறா தலை குனிந்தாள்.

"எங்கட உம்மா மௌத்தாகக்குள்ள தம்பிக்கு அஞ்சு வயசு. எனக்குப் பன்னெண்டு. ராவில பயந்து அழுவான். பக்கத்தில படுத்தா உதைப்பான், நித்திரையில உருளுவான். அதனால கால்மாட்டில படுக்கப் போட்டன். எண்ட காலப் புடிச்சிக்கொண்டுதான் கண்ண மூடுவான். நான் எழும்பிப் போயிருவன் எண்ட பயம்." ராத்தா தூங்குகிறவளின் முகத்தைப் பார்த்தார். "நான் கலியாணம் முடிச்சிப் போனதோட அது விட்டுப் போச்சி எண்டு நினைச்சன்."

அவர் தஸ்பீஹை உருட்டுவதை நிறுத்தினார்.

"எந்தக் கால்?" என்றார் ராத்தா.

"இடது."

"ஓம். எண்டதும் இடதுதான்."

அவர் பாயில் இன்னும் நெருங்கி இருந்தார். "றஸ்னா தேத்தண்ணி வெச்சிரிக்கி. எழும்பிப் போய்க் குடிங்க. கை விறைச்சிப் போயிருக்கும்."

"கைய எடுத்தா முழிச்சிருவா ராத்தா."

"நான் புடிக்கிறன். நாளைக்கும் நான்தானே இஞ்ச இருக்கிற."

பாதம் ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாறியது. ஜெமீலா புருவத்தைச் சுருக்கினாள். பிறகு சுருக்கம் விட்டுப் போயிற்று.

"அமத்தத் தேவல்ல ராத்தா. சும்மா வெச்சிருந்தாப் போதும்."

"எனக்குப் படிப்பிச்சித் தராத புள்ள" என்று சொல்லிவிட்டு, அஸீஸா ராத்தா முதுகைச் சுவரில் சாய்த்து, தஸ்பீஹை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.