அம்மாவின் காலடி ஸ்பீக்கர்

என் வேலை சுண்டெலிகளோடு. பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில், நம் காதுக்கு எட்டாத குரலில் அவை கூப்பிட்டுக்கொள்வதைப் பதிவு செய்கிறேன். மூளையில் கேட்கும் பகுதியைக் கொஞ்ச நேரம் அடக்கி வைத்தால் கூப்பிடும் விதம் மாறுகிறதா என்று பார்ப்போம். சட்டென்று முடிவுக்கு வரமாட்டோம். அந்தப் பொறுமை, இதே ஊரில் ஆஸ்டின் டவுன் பகுதியில் இருக்கும் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவுக்கு இல்லை.

நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அம்மா அதில் பாடுகிறார். போன வருஷம் டிரம்ஸும் புது சவுண்ட் செட்டும் வந்தன. பாடுகிறவர்கள் தங்கள் குரலைத் தாங்களே கேட்பதற்காக, காலடியில் ஆளுக்கொரு சின்ன ஸ்பீக்கர். கொஞ்ச நாளில் அம்மாவின் சுருதி விலகியது, குரல் உயர்ந்தது. பூசையில் ஆட்கள் முகம் சுளித்தார்கள்.

குழுவை நடத்துகிறவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஆன்ட்டிக்கு வயசாயிடுச்சும்மா. ஒரே கத்தல். ஈஸ்டருக்கு வேணாம்னு நீயே சொல்லிடு."

கத்தலாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆய்வுக்கூடத்தில் ஓர் எலியின் குரல் மாறினால் எலியைத் திட்டமாட்டோம். அதன் காதுக்கு என்ன போகிறது என்று பார்ப்போம். அதே பழக்கத்தில், அம்மா நிற்கும் இடத்தில் குனிந்து பார்த்தேன். ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்திருந்தார்கள். ஏன் என்று அவரிடமே கேட்டேன்.

"கீபோர்டுக்கு ஒரு லைன் பத்தல. ஆன்ட்டி பழைய ஆளாச்சே, அவங்களுக்கு எதுக்குன்னு எடுத்தோம்."

"அவங்க குரல் அவங்களுக்கே கேக்கலன்னா கத்தாம என்ன பண்ணுவாங்க? இப்பவே மாட்டுங்கண்ணா."

"ஈஸ்டர் முடியட்டும்மா, பாக்கலாம்."

நான் அம்மாவிடம் எதுவும் சொல்ல மறுத்தேன். மறுநாளே குழுவை நடத்துகிறவர் அம்மாவுக்குப் போன் செய்து, இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். வெட்கம் கெட்ட மனிதர்! நான் அம்மாவிடம் ஒயர் விஷயத்தை எத்தனையோ முறை எடுத்துச் சொன்னேன்.

"இருக்கட்டும்டி. எனக்கே தெரியாம கத்தியிருக்கேன் பாரு. இப்ப வாயத் தொறக்கவே பயமா இருக்கு."

அரிசி களையும்போதுகூடப் பாடுகிறவர். இப்போது சமையலறையில் குழாய்ச் சத்தம் மட்டும்தான்.

ஓர் எலியின் கேட்கும் பகுதியைச் சில நிமிஷம் அடக்க, ஏன் எதற்கு என்று ஒரு கமிட்டி எங்களைக் குடைந்தெடுக்கும். அம்மா விஷயத்தில் யாரும் யாரையும் கேட்கவில்லை. எலிக்குக்கூட, சோதனை முடிந்ததும் காதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.